அமைச்சரின் ‘பார்க்கலாம்’

இரவில் கோப்புகளோடு வீட்டுக்குப் போகும் அமைச்சரின் சிவப்புப் பெட்டி திங்கட்கிழமை காலை திரும்பி வந்தபோது, தியா லோமக்ஸ் எழுதிய கோப்பின் நெற்றியில் நீல மசியில் ஒரே ஒரு சொல் இருந்தது. ‘பார்க்கலாம்.’

தியா அதை உட்கார்ந்து படித்தாள், எழுந்து நின்று படித்தாள். லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் வைட்ஹாலில் அமைச்சர்கள் பிடித்தால் ‘சம்மதம்’ என்று எழுதுவார்கள், பிடிக்காவிட்டால் ‘சம்மதமில்லை’. கீழே இருப்பவர்கள் அதற்கேற்ப ஓடுவார்கள், அல்லது உட்காருவார்கள். ‘பார்க்கலாம்’ என்றால் ஓடுவதா உட்காருவதா?

கோப்பில் இருந்த விஷயம் எளிமையானது. ஒரு முறை மயங்கி விழுந்த லாரி ஓட்டுநருக்கு, இனி பயமில்லை, தாராளமாக ஓட்டலாம் என்று இதய மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகும் உரிமம் கைக்கு வராது. அந்தத் தாள் ஒன்பது மேசை ஏறி இறங்க வேண்டும். ஏன் ஒன்பது என்று கேட்டால் ஒவ்வொரு மேசையும் பக்கத்து மேசையைக் கை காட்டும். இரண்டு மேசை போதும், மருத்துவர் சொல்லிவிட்டால் அன்றைக்கே உரிமம் கொடுக்கலாம் என்று தியா எழுதியிருந்தாள்.

அந்த வரிசையில் அவளுடைய தம்பி காலினும் நின்றான். அதை அவள் மறைக்கவில்லை, கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தாள். அவன் தாளை மட்டும் உருவி முன்னால் வைக்க அவளுக்கு உரிமையும் இல்லை, மனசும் இல்லை. விதி மாறினால் எல்லோருக்கும் வழி பிறக்கும், அவனுக்கும் பிறக்கும். டான்காஸ்டர் ஊரில் அவன் வேலை பார்த்த லாரி டிப்போ இந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் அவன் இடத்தைக் காலியாக வைத்திருக்கும். அதே வெள்ளிக்கிழமை நண்பகலில் தேர்தலுக்காக நாடாளுமன்றமும் கலைகிறது. அதற்குப் பிறகு புது முடிவு எதையும் யாரும் தொடக் கூடாது.

கோப்பைத் தூக்கிக்கொண்டு தன் மேலதிகாரி அலஸ்டர் பிம்மிடம் ஓடினாள். அலஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் படித்தார். ஒரே சொல்லைப் படிக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள அவரால்தான் முடியும்.

“வேணாம்னு அர்த்தம் தியா. முகத்துல அடிச்ச மாதிரி சொல்ல மனசில்லாம இப்படி எழுதியிருக்காங்க. நல்ல குடும்பத்துப் பொண்ணு.”

நிதிப் பிரிவுக்காரர் எட்டிப் பார்த்தார். “அதெல்லாம் இல்ல. செஞ்சு பாக்கலாம்னு சொல்றாங்க. நாலு ஊர்ல முதல்ல ஆரம்பிங்க.”

சட்டப் பிரிவு அம்மாளுக்கு வேறு கவலை. “புது விதியோட வரைவு எங்க, நான் பாக்கணும்னு கேக்குறாங்கப்பா. வரைவே இல்லாம கோப்பு அனுப்புனா பின்ன என்ன எழுதுவாங்க?”

தியாவுக்குத் தலை சுற்றியது. மூன்று பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது, மூன்றையும் ஒன்றாகச் செய்யவும் முடியாது. அமைச்சரின் அந்தரங்கச் செயலர் ஜேகோவைப் பிடித்தாள். வாயைத் திறந்தால் இரண்டு பக்கமும் சாய்கிற பிள்ளை அவன்.

“நீதானே பக்கத்துல இருந்தே? எழுதும்போது மூஞ்சி எப்படி இருந்துச்சு?”

“யோசனையா இருந்த மாதிரியும் இருந்துச்சு, தூக்கக் கலக்கம் மாதிரியும் இருந்துச்சு.”

“கேட்டுச் சொல்லேன் ஜேகோ.”

“நானா?” என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டான். “என்ன எழுதினீங்கன்னு எப்படிங்க போய்க் கேக்குறது?”

இங்கேதான் கதை சொல்கிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்தக் கட்டிடத்தில் கிரேக்கம் படித்தவர்கள் இருக்கிறார்கள், லத்தீனில் கவிதை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். மேலே எழுதியதன் பொருளை மேலே போய்க் கேட்பது மட்டும் தங்களுக்குப் படிக்கத் தெரியாது என்று ஒத்துக்கொள்வது போல அவர்களுக்குக் கூசும். புரியவில்லை என்று சொல்வதைவிடத் தப்பாகப் புரிந்துகொள்வது அங்கே மரியாதையான காரியம்.

ஆகவே புதன்கிழமை ஒரு கூட்டம் கூட்டினார்கள். பொருள், ‘பார்க்கலாம் என்பதன் பொருள்’. சிக்கன உத்தரவு அமலில் இருந்ததால் பிஸ்கட்டை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருப்பது முற்றுப்புள்ளியா, பேனா பட்ட கறையா என்று ஒருவர் கேட்டார். அதற்கே தேநீர் ஆறிப்போனது.

“கேட்டுட்டா முடிஞ்சுபோச்சே,” என்றாள் தியா, பொறுக்க முடியாமல்.

பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தவர்கள் கையைக் கீழே இறக்கினார்கள். அலஸ்டர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். “கேக்கலாம். ஆனா எழுத்துல கேக்கணும். எழுத்துல போறதுன்னா எல்லா மேசையும் பாத்துட்டுத்தான் போகணும்.”

எத்தனை மேசை என்று தியா கேட்கவில்லை. ஒன்பதுதான். அமைச்சரிடம் ஒரு கேள்வி கேட்கக் கிளம்பிய தாள் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பத்தி சதை போட்டு, ஐந்து பக்கமாக அன்று மாலை பெட்டிக்குள் போனது. அமைச்சர் இதை நிறுத்தச் சொல்கிறாரா, சில ஊர்களில் தொடங்கச் சொல்கிறாரா, அல்லது முதலில் வரைவைப் பார்க்க விரும்புகிறாரா?

வியாழக்கிழமை காலை பதில் வந்தது. ‘ஆமாம்.’

தியா கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். பாதியில் சிரிப்பும் வந்தது. எது எங்கே நின்றது, எது எங்கே தொடங்கியது என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று மாலை காலின் போன் செய்தான். “அக்கா, என்ன ஆச்சு?”

“அமைச்சர் பாத்துட்டாங்கடா.”

“பாத்துட்டு?”

“பார்க்கலாம்னு எழுதியிருக்காங்க.”

“பாத்துட்டுப் பார்க்கலாமா? என்ன அக்கா, கண் டாக்டர் கடையா நடத்துறீங்க?”

“அது சாதகமாவும் எடுத்துக்கலாம். இன்னும் சில பேர் கருத்து வர வேண்டியிருக்கு. இந்தக் கட்டத்துல எதையும் மறுக்கவும் முடியாது, உறுதியா…”

“எனக்குக் கிடைக்குமா கிடைக்காதா? அதை மட்டும் சொல்லு.”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல், அதுதான் உண்மையும்கூட. ஆனால் இத்தனை வருடம் அந்தக் கட்டிடத்தில் குப்பை கொட்டிய வாய், “எல்லா வழியும் திறந்துதான் இருக்கு காலின்,” என்றது.

“சரிக்கா,” என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை காலை தியா மூன்றாவது மாடியில் லிஃப்டில் ஏறினாள். உள்ளே அமைச்சர் வெரிட்டி ஹோல்ம், கையில் ஒரு அட்டைப்பெட்டி, அதற்கு மேல் ஒரு தொட்டிச்செடி. தேர்தல் வேலைக்குத் தொகுதிக்குக் கிளம்பிவிட்டார். வேறு யாருமில்லை. கதவு மூடியது. தியாவின் காது சிவந்து சூடாகிவிட்டது.

“மேடம், லாரிக்காரங்க கோப்புல பார்க்கலாம்னு எழுதியிருந்தீங்க. அதுக்கு என்ன அர்த்தம்?”

அமைச்சர் செடிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார். “எந்த லாரிக்காரங்க?”

தியா மூச்சுவிடாமல் சொன்னாள். மயக்கம், மருத்துவர், ஒன்பது மேசை, இரண்டு மேசை.

“அதுவா! அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் கண்ணைச் சுத்திக்கிட்டு வந்துச்சு. காலைல பாக்கலாம்னு எனக்கு நானே எழுதி வச்சுக்கிட்டதும்மா அது. காலைல தேடினா கோப்பைக் காணோம். நீங்கதான் வேணாம்னு வாபஸ் வாங்கிட்டீங்கன்னு நெனச்சேன்.”

“அப்புறம் ஆமாம்னு எழுதினீங்களே?”

“அந்த அஞ்சு பக்கத்துலயா? எனக்கு ஒண்ணும் புரியல. இத்தனை பேர் கையெழுத்துப் போட்டுக் கேக்குறாங்களே, பாவம்னு ஆமாம் போட்டேன்.” அவர் பெட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். “நல்லாத்தானே இருக்கு நீங்க சொல்றது. செய்யுங்க. சம்மதம்.”

லிஃப்ட் கீழே வந்து நின்றது.

தியா படியில் ஓடி மேலே வந்து மூச்சு வாங்கச் சொன்னபோது அலஸ்டர் வருத்தத்தோடு தலையாட்டினார். “லிஃப்ட்ல சொன்னதெல்லாம் கணக்குல வராது. குறிப்பு எழுதாத பேச்சு, பேசாத பேச்சு.”

தியா நின்று யோசித்தாள். பிறகு தன் மேசைக்குப் போய் எழுதினாள். ‘கூட்டக் குறிப்பு. இடம்: லிஃப்ட். கலந்துகொண்டவர்கள்: அமைச்சர், தி. லோமக்ஸ். முடிவு: சம்மதம்.’ எல்லா மேசைக்கும் அனுப்பினாள், அமைச்சரின் கைபேசிக்கும் ஒரு நகல் போனது. காரிலிருந்தே பதில் வந்தது: ‘சரியான குறிப்பு. சம்மதம்.’

ஒருவரும் மறுக்கவில்லை. தலைப்பு இருந்தது, வந்தவர் பெயர் இருந்தது, முடிவு இருந்தது. கூட்டம் எந்த மாடியில் நடந்தது என்று மட்டும் சட்டப் பிரிவு அம்மாள் கேட்டாள். மூன்றிலிருந்து தரைவரைக்கும் என்று தியா எழுதினாள். அந்த அம்மாளும் அதை ஏற்றுக்கொண்டு வரைவை முடித்துக் கொடுத்தாள். நண்பகலுக்கு முன்னால் விதி மாறிவிட்டது.

தியா காலினுக்குப் போன் போட்டாள். “கிடைச்சிருச்சுடா! இன்னிக்கே உரிமம் வந்துரும். டிப்போவுக்குச் சொல்லிடு!”

அந்தப் பக்கம் கெட்டில் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

“நேத்து ராத்திரியே வேணாம்னு சொல்லிட்டேன்கா.”

“ஏண்டா? இன்னிக்கு வரைக்கும் டைம் இருந்துச்சே!”

“என் இடத்துக்கு இன்னொருத்தன் காத்துக்கிட்டு இருந்தான். ரெண்டு சின்னக் குழந்தை அவனுக்கு. எனக்கு வராதுன்னு தெரிஞ்ச பிறகு அவனை எதுக்குத் தொங்கல்ல விடணும்? காலைல கையெழுத்துப் போட்டுட்டான்.”

“வராதுன்னு யார் சொன்னா?”

“நீதான் சொன்னே.”

“நான் அப்படிச் சொல்லவே இல்லியே காலின்!”

“வரும்னும் சொல்லலியே அக்கா. வர்றதா இருந்தா வரும்னு சொல்லியிருப்பே. எல்லா வழியும் திறந்திருக்குன்னியே, அப்பவே புரிஞ்சுபோச்சு.”

எதிர்மேசையில் யாரோ அவளைப் பாராட்டக் கை தட்டினார்கள். அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“மத்த ஓட்டுநருங்களுக்கு உதவுமா இது?” என்று அவன் கேட்டான்.

“நிறையப் பேருக்கு உதவும்டா.”

“சரி.”

பழைய தியாவாக இருந்தால் அந்தச் ‘சரி’யை மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்து, மூன்றில் தனக்கு இதமானதை எடுத்துக்கொண்டு போனை வைத்திருப்பாள்.

“சரின்னா என்னடா அர்த்தம்?” என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் காலின் கெட்டிலை அணைத்தான்.

“உன் மேல ரொம்பக் கோவமா இருக்கேன்னு அர்த்தம்,” என்றான்.