தீபராணியின் முகம்

திருவண்ணாமலையில் அரிசி ஆலை வைத்திருந்த சக்கரவர்த்திக்கு ஒரு பந்தயக் குதிரை இருந்தது. தீபராணி என்று பெயர். செம்பழுப்பு நிறப் பெட்டைக் குதிரை. 1989 முதல் நான்கு வருஷம் கிண்டியிலும் ஊட்டியிலும் பெங்களூரிலும் ஓடிப் பதினேழு பந்தயம் ஜெயித்தது. பந்தயம் என்றால் என்னவென்றே தெரியாத தேரடித் தெருக் கடைக்காரர்கள்கூட, திங்கட்கிழமை காலையில் பேப்பரைப் பிரித்து, நம்ம ஊர்க் குதிரை என்ன ஆச்சு என்று தேடுவார்கள். முன்னங்காலில் நரம்பு பிசகியதும் சக்கரவர்த்தி அதன் ஓட்டத்தை நிறுத்தி, செங்கம் சாலையில் இருந்த தன் மாந்தோப்பில் கொண்டுவந்து விட்டார். பார்த்துக்கொள்ள வேணு என்பவரை வைத்தார்.

1997 தை மாதம், குதிரைக்கு ஆலை வாசலில் அதன் நிஜ அளவிலேயே வெண்கலச் சிலை வைக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. சென்னையில் விசாரித்தார். கேட்ட இடத்திலெல்லாம் ஒரே பதில்தான் வந்தது. களிமண்ணில் உருவம் பிடிக்க அருணாதேவி, அதை வெண்கலத்தில் வார்க்கக் கலையரசன், ரெண்டு பேரும் உங்க ஊரில்தான் இருக்காங்க என்றார்கள். அவர்கள் புருஷன் பெண்சாதி என்றும் சொன்னார்கள். இருவரும் பிரிந்து நான்கு வருஷம் ஆகியிருந்தது சொன்னவர்களுக்குத் தெரியாது.

ஓவியக் கல்லூரியில் ஒரே வகுப்பில் படித்துக் காதலித்துக் கல்யாணம் செய்துகொண்டவர்கள். அடி அண்ணாமலையில் இடம் வாங்கி, கொட்டகை போட்டு, உலை கட்டினான் கலையரசன். அந்தச் சமயம் அருணாதேவிக்குச் சென்னையில் ஒரு கல்லூரியிலிருந்து வேலைக்கான கடிதம் வந்தது. அவள் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். கலையரசன் அதைப் பிரித்துப் படித்துவிட்டு, அவளுக்கு வர விருப்பமில்லை என்று அவனே பதில் எழுதிப் போட்டுவிட்டான். அவளிடம் சொல்லவில்லை. ஒரு வருஷம் கழித்து, பழைய தோழி ஒருத்தி, ஏன் அந்த வேலையை வேண்டாம்னுட்ட என்று கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் தெரிந்தது. அன்றைக்கே துணிமணியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வேங்கிக்கால் பக்கம் ஒரு பள்ளியில் டிராயிங் டீச்சராகச் சேர்ந்து, ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு அறை எடுத்துக்கொண்டாள்.

சக்கரவர்த்தி தேடிவந்து கேட்டதும் அவள் சரி என்றாள். அவ்வளவு பெரிய உருவத்தைச் செய்யச் சொல்லி அதுவரை யாரும் அவளிடம் கேட்டதில்லை. கலையரசனும் ஒத்துக்கொண்டான். ஆனால் அத்தனை பெரிய குதிரையை நிறுத்த அவனுடைய கொட்டகையைத் தவிர வேறு இடம் கிடையாது.

பள்ளி விட்டதும் டவுன் பஸ் பிடித்து வருவாள். அவன் உலைப் பக்கம் போய்விடுவான். கல்லூரிக் காலத்திலிருந்து ஒருவரையொருவர் நீ என்று கூப்பிட்டவர்கள், இப்போது பேசவேண்டி வந்தால் நீங்க என்றார்கள். கம்பி போதுமா, மண் இறுக்கமா இருக்கா, நாளைக்கு வருவீங்களா என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் தோப்புக்குப் போய் தீபராணியோடு இருந்தாள். வேணு கூடவே நின்று அளவெடுக்க உதவினார். குதிரை மேயும்போதும் தூங்கும்போதும் ஈ ஓட்டும்போதும் நோட்டு நோட்டாக வரைந்தாள். பந்தயம் தொடங்கப்போகிற நிமிஷத்தில் அதன் இடது காது மட்டும் பின்னால் திரும்பும் என்று வேணு சொன்னார். முதுகில் உட்கார்ந்திருக்கிறவனின் மூச்சைக் கேட்குமாம்.

புரட்டாசி முடிவதற்குள் களிமண்ணில் உடம்பு முடிந்தது. முகம்தான் வரவில்லை. மூன்று தடவை செய்து மூன்று தடவையும் அவளே உடைத்தாள்.

ஐப்பசி அடைமழையில் ஒரு புதன்கிழமை மதியம் கொட்டகைக்குப் போன் வந்தது. குடல் முறுக்கிக்கொண்டு தீபராணி செத்துப்போய்விட்டது, சாயங்காலம் புதைக்கப் போகிறோம் என்றார் சக்கரவர்த்தி. கலையரசன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இரண்டு மூட்டை பிளாஸ்டர் மாவை மொபெட்டில் கட்டிக்கொண்டு போனான். மேலே தார்ப்பாயைப் பிடிக்கச் சொல்லி, வேணு அழுதபடி தலையைத் தாங்கியிருக்க, குதிரையின் முகத்தில் எண்ணெய் தடவி, பிளாஸ்டர் பூசி, காய்ந்ததும் அச்சை எடுத்தான். கொட்டகைக்குத் திரும்பி, அச்சுக்குள் மறுபடி பிளாஸ்டர் ஊற்றி முகத்தைப் பிரித்து மேஜைமேல் வைத்தான்.

ஐந்தரைக்கு அருணாதேவி நனைந்த குடையோடு வந்தாள். மேஜையில் வெள்ளையாகக் குதிரையின் முகம் கிடந்தது. கண் மூடியிருந்தது. உதடு தொங்கியிருந்தது.

"முகம் கிடைச்சிடுச்சு" என்றான் அவன். குரலில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவள் குடையை மடக்காமலே நின்றாள். "செத்துப்போச்சா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவளுக்கு யாரும் சொல்லவில்லை. மதியமே என்று தலையாட்டினான்.

"ஸ்கூலுக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நான் வந்து பாத்திருப்பேன். ஒன்பது மாசமா அதுகூட இருந்தவ நான்."

"டைம் கம்மியா இருந்தது. உனக்காகத்தான்..."

"எனக்காகன்னுதான் அந்த லெட்டரையும் எழுதின" என்றாள். நான்கு வருஷத்துக்குப் பிறகு அவள் வாயில் நீ வந்தது அன்றைக்குத்தான். திரும்பி மழையில் நடந்துவிட்டாள்.

மூன்று வாரம் அவள் வரவில்லை. சக்கரவர்த்தி ஆள்மேல் ஆள் அனுப்பினார். அதான் முகம் இருக்கே, அதையே கழுத்தில் ஒட்டி வார்த்துடலாமே என்று கலையரசனிடம் கேட்டார். கலையரசன் அந்தப் பிளாஸ்டர் முகத்தைத் தூக்கிக் களிமண் கழுத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். அளவு நூல் பிசகாமல் பொருந்தியது. ஆனால் அது குதிரையாக இல்லை. ஓடப்போகிற உடம்பில் செத்த முகம் தொங்கியது. அதை மறுபடி மேஜைமேல் வைத்தான்.

அடுத்த நாள் காலையில் அவள் தங்கியிருந்த இடத்துக்கு முதல் முறையாகப் போனான். உள்ளே போகவில்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றான். அவள் பள்ளிக்குக் கிளம்பி வெளியே வந்தாள்.

"அந்த முகத்தை உடைச்சிடட்டுமா, வெச்சிருக்கட்டுமா? நீ சொல்றபடி செய்யறேன்" என்றான்.

அவள் கேட்டைச் சாத்தினாள். அவன் போகாமல் நின்றான். பிறகு, யோசித்து வைத்த பேச்சாக இல்லாமல், தட்டுத்தடுமாறிச் சொன்னான்.

"லெட்டர் எழுதினது தப்பு அருணா. மெட்ராஸ் போனா நீ திரும்பி வரமாட்டேன்னு பயமா இருந்தது. அதைச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு, உன் நல்லதுக்குன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்."

அவள் எதிரே போகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது போனபிறகு, "உடைக்காதே" என்றாள். "நெத்தி எலும்பும் தாடையும் எனக்கு அளவுக்கு வேணும். முகத்தை நான் செய்யறேன்."

ஒன்பது நாளில் முகம் முடிந்தது. எலும்புக்கு அந்தப் பிளாஸ்டர், மற்றதுக்கெல்லாம் அவளுடைய நோட்டுகள். இடது காதைப் பின்னால் திருப்பி வைத்தாள். வேணுவை வரவழைத்துக் காட்டினார்கள். அவர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். மூக்குத் துவாரம் ஒரு நெல் அளவு ஜாஸ்தி என்றார். அவள் சரிசெய்தாள்.

பிறகு கலையரசனின் வேலை. மண் உருவத்தைத் துண்டு துண்டாக அச்செடுத்து, மெழுகில் மாற்றினான்; பிற்பாடு அந்த மெழுகு உருகி வழிந்த இடத்தில்தான் வெண்கலம் இறங்கும். பீடத்தின் மெழுகில் பெயர் எழுதும் நாளில் அவளிடம் எப்படிப் போடுவது என்று கேட்டான். அவனுடைய இனிஷியலோடுதான் அவள் பெயர் அதுவரை எல்லா இடத்திலும் இருந்தது. அவளுடைய அப்பா இருசப்பன். "இ. அருணாதேவின்னு போடு" என்றாள். அவன் அப்படியே எழுதி, அதற்குக் கீழே தன் பெயரை எழுதினான்.

பங்குனியில் வார்த்தார்கள். பின்னங்கால் ஒன்றில் வெண்கலம் குளம்புவரை இறங்காமல் பாதியில் உறைந்துவிட்டது. அதை மட்டும் மறுபடி வார்க்க ஒரு மாதம் ஆனது. அந்த மாதம் முழுக்க அவளும் வந்து, புது மெழுகில் அந்தக் காலைச் செதுக்கிக் கொடுத்தாள். இப்போது இருவரும் நிறையப் பேசினார்கள். சிரிக்கவும் செய்தார்கள்.

1998 ஆவணியில் சிலை திறந்தார்கள். சக்கரவர்த்தி குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பற்றிக் கவலைப்படாமல் அழுதார். அன்றைக்கு ஆலை வாசலில் கூட்டம் கலைந்தபிறகு கலையரசன் அவளிடம், கொட்டகைக்கே வந்துவிடுகிறாயா என்று கேட்டான்.

"உம்மேல இப்ப கோவம் இல்ல கலை" என்றாள். "ஆனா தனியா இருந்து பழகிட்டேன். அது எனக்குப் பிடிச்சிருக்கு. சேர்ந்து வேலை செய்யலாம். சேர்ந்து இருக்க வேணாம்."

அவனுக்கு அது வலித்தது. வலித்ததை மறைக்கவும் இல்லை. சரி என்றான்.

மறு வருஷம் இருவரும் சேர்ந்தே மனு போட்டு விவாகரத்து வாங்கினார்கள். கோர்ட்டிலிருந்து வெளியே வந்தபோது மணி ஒன்று. பசித்தது. பக்கத்து ஓட்டலில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்து யானைச் சிலை வேண்டுமென்று கேட்டுவிட்டுப் போனதாக அவன் சொன்னான். நின்ற யானையா, உட்கார்ந்த யானையா என்று அவள் கேட்டாள். அவனுக்குத் தெரியவில்லை. சாப்பாட்டு இலையை மடித்துவிட்டு, அந்தக் காஞ்சிபுரத்துக்காரருக்குப் போன் செய்து கேட்க இருவரும் எஸ்டிடி பூத்தைத் தேடிக்கொண்டு நடந்தார்கள்.