இரண்டு பேரும் ஒரே எண்ணைச் சொன்னார்கள்

1

இந்தக் கதை எனக்கு ஓர் ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. கிடைத்தது என்பதுகூட அதிகம். பக்கத்து நாற்காலிக்காரர் போனில், "ரெண்டு பேருமே ஒரே மாதிரி தப்பாப் போட்டிருக்காங்க, அதனாலதான் யாருக்கும் தெரியலை" என்றார். ஒட்டுக்கேட்டேன். மீதியெல்லாம் நான் இட்டுக்கட்டியது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: கதிர்வீச்சு அறையின் கனத்த கதவு ஒரு பெருமூச்சோடு—

வேண்டாம். என் கதைகளில் கதவுகள் பெருமூச்சு விட்டு விட்டு எனக்கே அலுத்துவிட்டது. நேராகவே சொல்கிறேன்.

புற்றுநோய்க் கட்டிக்குக் கதிர் பாய்ச்ச இயந்திரம் எவ்வளவு நேரம் ஓட வேண்டும் என்று கணக்குப் போட ஒருவர் இருப்பார். கம்ப்யூட்டர் தரும் எண்ணை எடுத்து, கையால் திருத்தி விடை காண்பார். அதைப் பார்க்காமல் இன்னொருவர் முதலிலிருந்து போடுவார். இந்த இரண்டாவது ஆள்தான் நம்முடையவள், சரிபார்ப்பவள். முதலில் போடும் கூட்டாளி அவளோடு ஒரே கல்லூரியில், ஒரே பெஞ்சில் படித்தவன். ஜன்னலில்லாத அறையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து போடுவார்கள். முடிந்ததும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று எண்ணி இருவரும் ஒரே நேரத்தில் விடையைச் சொல்வார்கள். ஒத்துப்போனால் கையெழுத்து. வருஷக்கணக்காக ஒத்துப்போனது. அதில் அவர்களுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

3

(முதல் பிரதியில் அவளைக் கவனமில்லாதவளாக எழுதினேன். நீங்கள் திட்ட வசதியாக இருக்கும் என்றுதான். பிறகு அடித்துவிட்டேன். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிற ரகம் அவள்.)

அக்காவின் கணவருக்குத் தொண்டையில் கட்டி வந்தபோது, "நீ இருக்கறப்ப நான் எதுக்கு வேற ஆஸ்பத்திரிக்கு அலையணும்?" என்றுவிட்டாள் அக்கா. அத்தான் தையற்கடைக்காரர். சிகிச்சை முடியும்வரை அவருக்குத் தொண்டை புண்ணாகவில்லை, தோல் கருக்கவில்லை, சாப்பாடும் தடையில்லாமல் இறங்கியது. எல்லாம் கொழுந்தியாளின் கைராசி என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் பெருமையடித்தார். அவளுக்கு ஒரு வெள்ளைக் கோட்டும் தைத்துக் கொடுத்தார். அளவே எடுக்கவில்லை, கச்சிதமாகப் பொருந்தியது.

4

குழந்தை பிறந்ததால் கூட்டாளி லீவில் போனான். அவன் இடத்துக்கு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார், சிரிக்கக் காசு கேட்கிற முகம். ஒண்ணு, ரெண்டு, மூணு. முதன்முறையாக அந்த அறையில் இரண்டு எண்கள் கேட்டன. அவருடையது பெரியது. எங்கிருந்துதான் பிடித்து வருகிறார்களோ என்று மனதுக்குள் சலித்துக்கொண்டு, அவர் தப்பைத் தேட உட்கார்ந்தாள்.

"தூரத்துக்கு ஏங்க மறுபடியும் குறைக்கறீங்க?" என்று அவர் கேட்டார். "அதைத்தான் கம்ப்யூட்டரே குறைச்சிடுதே."

அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் சூடு அதிகம். உடல் இயந்திரத்துக்கு நெருக்கமாக இருந்தாலும் அப்படித்தான், நேரத்தைக் குறைக்க வேண்டும். பழைய மென்பொருளுக்கு அது தெரியாது, அதனால் கையால் குறைத்தார்கள். புதிய மென்பொருள் தானே குறைத்துத் தந்தது. இவர்கள் பழக்கதோஷத்தில் மறுபடியும் குறைத்தார்கள், ஒருவர் போட்டதை ஒருவர் பார்க்காமல், ஒன்றுபோல. அளவு கூடியிருந்தால் தோல் வெந்து காட்டிக்கொடுத்திருக்கும். குறைந்தால் நோயாளி சௌக்கியமாக இருப்பார், நன்றி சொல்வார்.*

* அத்தானின் தொண்டை புண்ணாகாமல் இருந்ததற்குக் காரணமும் இதுதான். கட்டி திரும்ப வந்துவிட்டது. இப்போது அவருக்குக் குரல் இல்லை. வெட்டுத்துணியில் சாக்கட்டியால் எழுதிக் காட்டுகிறார். இதைக் கதைக்குள் எழுதக் கை வராததால் அடிக்குறிப்பில் தள்ளினேன்.

5

அன்றே தலைமை மருத்துவரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அதில் நான் கதை பண்ணவில்லை. அளவு குறைந்தவர்களுக்கெல்லாம் ஆஸ்பத்திரி தகவல் சொல்லப்போகிறது, அக்காவுக்கும்தான். மிச்சம் இருப்பது ஒன்றுதான்: அதற்கு முன்னால் தன் வாயால் அவள் சொல்வாளா?

ஒரு முடிவில் சொல்கிறாள். அக்கா அழுது தீர்த்து, தங்கையைக் கட்டிக்கொண்டு—

இல்லை. எந்த அக்கா கட்டிக்கொள்வாள்?

இன்னொன்றில் வாயைத் திறக்கவில்லை. அதன் பிறகு அக்கா வீட்டுக் கதவு அவளுக்கு

(வாக்கியத்தை முடிக்க மனம் வரவில்லை.)

மூன்றாவதாக ஒன்று எழுதினேன். அதில் தலைமை மருத்துவர், முழு அளவு போயிருந்தாலும் கட்டி திரும்பியிருக்கலாம் என்கிறார். இருக்கலாம்தான். அதை எந்தக் கொம்பனாலும் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. எழுதி முடித்ததும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன்.

6

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். வேலையிலிருந்து நேராக வந்தவள், கழற்றிய வெள்ளைக் கோட்டை மடியில் வைத்துக்கொண்டு அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். உள்ளே அத்தான் இருமுகிறார். பாவம், அந்த இருமலில்கூடக் குரல் இல்லை, வெறும் காற்றுதான். அக்கா தண்ணீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்காருகிறாள்.

"நீயே உக்காந்து சரிபாத்தியேடி. அப்புறம் ஏன்டி திரும்ப வந்துச்சு?"

அவள் வாயைத் திறக்கிறாள்.

அவள் சொல்லப்போவதை நான் ஒரு தாளில் எழுதிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். என்னுடையதைப் பார்க்காமல் நீங்களும் ஒன்று எழுதிக்கொள்ளுங்கள். எண்ணிவிட்டு ஒரே நேரத்தில் சொல்வோம். இரண்டும் ஒத்துப்போனால் உடனே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். நீங்களும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கதை படித்தவர்கள்.

ஒண்ணு, ரெண்டு,