மூன்றில் இரண்டு பங்கு லாப்போ

எங்கள் ஃபிளாரன்ஸில் ஆட்சி மாற வேண்டுமென்றால் மாளிகையின் பெரிய மணியை அடிப்பார்கள். ஜனங்கள் சதுக்கத்தில் கூடுவோம். செயலாளர் மேடையில் நின்று, மக்களில் மூன்றில் இரண்டு பங்கு வந்தாயிற்றா என்று கேட்பார். "ஆமா, ஆமா" என்று கத்துவோம். அவர் வாசிக்கிற எல்லாவற்றுக்கும் அதையே கத்திவிட்டு வீட்டுக்குப் போவோம். யாரும் தலையை எண்ணியதில்லை. எண்ணுவது மரியாதையும் இல்லை.

அந்த வருஷம் மணி அடித்த அன்று பெய்த மழையில் ஆர்னோ ஆற்று மீன்களே பாலத்தடியில் ஒதுங்கி நின்றன. நான் மாளிகை வாயிற்காவலன், கண்ணால் பார்த்தவன். சதுக்கத்தில் குடல் விற்கும் லாப்போ ஒருவன்தான் இருந்தான். கொப்பரை கொதித்துக்கொண்டிருந்ததால் விட்டுப் போக முடியவில்லை.

செயலாளர் சேர் பால்டோ, மக்கள் என்பது ஆயிரம் தலை விலங்கு என்று தடித்த நூல் எழுதியவர். பார்வை கொஞ்சம் மட்டு. வழக்கம்போலக் கேட்டார். லாப்போவும் வழக்கம்போல "ஆமா" என்றான். புதிதாகப் பன்னிரண்டு பேர் ஆளச் சம்மதமா? அதற்கும் "ஆமா." பதிவேட்டில் ஏறியது. மேடையில் இருந்த பன்னிருவரும் தொப்பியைக் கழற்றி மக்களை வணங்கினார்கள்.

அடுத்த தீர்மானம், நாற்றம் கருதிச் சதுக்கத்துக் குடல் அடுப்பை அகற்றுவது.

லாப்போ கரண்டியைக் கீழே வைத்தான். அவன் அப்பா விற்ற இடம். வேறு பிழைப்பும் தெரியாது.

"முடியாதுங்க" என்றான்.

அந்தச் சொல்லை எழுதப் பதிவேட்டில் கட்டமே இல்லை. ஒரு குடல்காரன் எப்படி மக்கள் ஆவான், துரத்துங்கள் என்றார் பன்னிருவரில் மூத்தவர்.

சேர் பால்டோ வெளிறிப்போனார். "அவன் மக்கள் இல்லேன்னா நீங்களும் ஆட்சி இல்லீங்க, பிரபு. இப்பத்தான் அந்த வாயால ஆமா வாங்கியிருக்கோம்."

பன்னிருவரும் மழையில் இறங்கி வந்து, ஆளுக்கொரு கிண்ணம் குடலைக் கையில் வைத்துக்கொண்டு கெஞ்சினார்கள். ஆற்றங்கரையில் நல்ல இடமாகத் தருகிறோம் என்றார்கள்.

"மக்களுக்கு இஷ்டமில்லீங்க. உப்பு போதுமா?" என்றான் லாப்போ.

தீர்மானத்தைக் கிழித்தார்கள். ஆனால் சேர் பால்டோ படித்தவர் அல்லவா, மூன்றில் இரண்டு பங்கு மக்கள் சதுக்கத்தை விட்டு நகர்ந்தால் ஆட்சி செல்லாது என்று புதிதாக ஒரு வரி சேர்த்தார். லாப்போவைச் சுற்றி ஈட்டிக்காரர்கள் நின்றார்கள்.

சாயங்காலம் மனைவி தெஸ்ஸா தேடி வந்தாள். "என்னய்யா, வீட்டுக்கு வர்ற எண்ணமில்லையா?"

"நான் கிளம்பினா ஆட்சி கவுந்துடுமாம்டி. நான் ரெண்டு பங்கு."

"அப்ப மிச்சம் ஒரு பங்கு நான்தான். எனக்கு எதுலயும் சம்மதமில்லேன்னு எழுதிக்கச் சொல்லு" என்று முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கட்டம் இல்லாததால் பதிவேட்டின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்கள்.

பதினோரு வருஷமாக ஆட்சி கவிழவில்லை, அடுப்பும் நகரவில்லை. கொப்பரைக்கு உப்பு எவ்வளவு என்பதில் மட்டும் மக்களிடையே இன்னும் ஒற்றுமை ஏற்படவில்லை.