இருபது மீட்டர் ஆழத்து மூச்சு

தெமெலினாவுக்கு நாற்பத்தோரு வயதில்தான் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை சக்கெல்லாரிஸ் அவளைவிட மூன்று வயது மூத்தவன், மலை மாதிரி ஆள். கலிம்னோஸ் தீவில் கனமான கல்லைப் பிடித்துக்கொண்டு வெறும் மூச்சில் கடலுக்குள் இறங்குகிறவர்கள் இன்னும் நாலைந்து பேர் இருந்தால் அதிகம். அதில் அவன் ஒருவன். அவளோ முதுகில் சிலிண்டரோடு இறங்குகிறவள். இருவரும் ஒரே படகில் போய் ஒரே பாறையில் கடற்பஞ்சு அறுத்தார்கள், வழி நெடுகச் சண்டை போட்டபடியே.

அன்று காலையும் படகில் அதே கச்சேரிதான். காபியும் காய்ந்த ரொட்டியும் கையில் இருக்க, அவள் ஆரம்பித்தாள்.

"யோவ், ஒண்ணு மட்டும் மண்டையில ஏத்திக்க. மேல இழுத்த மூச்சோட நீ இறங்குற. கீழ அது மூணுல ஒரு பங்காச் சுருங்கும், மேல வந்தா பழையபடி விரியும். வம்பில்ல. ஆனா இருபது மீட்டர்ல என் சிலிண்டர்லருந்து ஒரு வாய் இழுத்தேன்னு வையி, அது இங்க இழுக்குற மூணு மூச்சுக்குச் சமம். நெஞ்சு அதே அளவுதான், உள்ள போற காத்து மூணு மடங்கு. வாய மூடிக்கிட்டு மேல வந்தா அது விரிஞ்சு நெஞ்சைக் கிழிச்சுடும். விட்டுக்கிட்டே வரணும்."

"நான் ஏன்டி உன் புட்டிப்பாலக் குடிக்கப் போறேன்?" என்றான் அவன். சுக்கான் பிடித்திருந்த அவன் தாய்மாமன் நோமிகோஸ் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மூச்ச விட்டுக்கிட்டு வர்றதா? எங்க பரம்பரையில செத்தவன்தான்மா கீழ மூச்ச விடுவான்," என்றார்.

வீம்பு என்றால் இதுதான். தண்ணீருக்குள் ஒரு குமிழி விட்டாலும் இந்த ஆண்களுக்கு மானம் போய்விடும். அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ரொட்டியை வைத்துவிட்டு முதலில் இறங்கினாள்.

பாறையில் அவள் நாலு பஞ்சு அறுத்திருப்பாள். கல்லை முன்னால் நீட்டியபடி அவன் இறங்கி வருவதைப் பார்த்தாள். இடுப்பில் ஒரு சின்னக் கால்சட்டை, அவ்வளவுதான். கல்லின் கயிறு அவன் மணிக்கட்டில் ஒரு சுற்று சுற்றி, மேலே நோமிகோஸ் கையில். அவன் இழுத்து ஆட்டினால் அவர் தூக்கிவிடுவார். பார்க்க அழகாகத்தான் இருந்தான், பாவி.

எவனோ அறுத்துவிட்ட பழைய வலை ஒன்று பாறை இடுக்கில் கிடந்திருக்கிறது. அவன் பஞ்சை அறுத்துத் திரும்பும்போது வலது கணுக்காலில் சுற்றிக்கொண்டது. மேலே கயிறு இழுக்க, கீழே வலை இறுக்க, அவன் நடுவில் மாட்டிக்கொண்டான். தெமெலினா அவனை எட்டியபோது இரண்டரை நிமிடம் ஆகியிருந்தது. மூச்சுக்கு ஏங்கி அவன் வயிறு துடிக்க ஆரம்பித்திருந்தது, கண் சொருகிக்கொண்டு வந்தது.

யோசிக்க நேரம் ஏது? தன் வாயிலிருந்த குழாயைப் பிடுங்கி அவன் வாயில் திணித்தாள். அவன் இழுத்தான். நெஞ்சு முட்ட, கடைசி இடம்வரை இழுத்தான். குழாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உதட்டை இறுக மூடிக்கொண்டான்.

அவள் கத்தியால் வலையை அறுத்தாள். அடுத்து மணிக்கட்டுக்கு மேலே கயிற்றையும் அறுத்துக் கல்லைக் கழற்றிவிட்டாள், இல்லாவிட்டால் நோமிகோஸ் ஒரே இழுப்பில் அவனை மேலே கொண்டுபோய்க் கொன்றிருப்பார். விடுபட்ட வேகத்தில் அவன் மேல்நோக்கிக் காலை உதைத்தான். அவள் அவன் இடுப்பைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். ஊது, ஊது என்று விரலால் காட்டினாள். அவன் தலையை ஆட்டினான். மூச்சை விடச் சொல்கிறாளே, பைத்தியமா இவள் என்ற பார்வை. வயிற்றில் ஓங்கிக் குத்தினாள். ஒரே ஒரு குமிழி வந்தது, மறுபடி வாய் பூட்டிக்கொண்டது. மேலே ஒளி வெளுக்கத் தொடங்கியிருந்தது. இவனை இழந்தால் தனக்கு வேறு ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்கு அந்த நொடியில் சந்தேகமில்லாமல் தெரிந்தது.

அப்போது கை தானாக அவன் அக்குளுக்குப் போனது. ஊரே பயப்படும் இந்த மலைக்கு அக்குளில் விரல் பட்டால் தாங்காது. அது உலகத்தில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

பத்து விரலாலும் கிச்சுகிச்சு மூட்டினாள். அவன் நெளிந்தான், கண்ணை உருட்டினான், அப்புறம் வாய் பிளந்துகொண்டது. கடலுக்குள் மனிதன் சிரிப்பதை அவள் அதற்குமுன் கேட்டதில்லை. குமிழி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. அவன் வாயை மூடும்போதெல்லாம் மறுபடி அக்குளில் விரலை ஓட்டினாள். மெதுவாக, அவனைச் சிரிக்கவைத்துச் சிரிக்கவைத்தே மேலே ஏற்றினாள்.

படகில் நோமிகோஸ் அறுந்த கயிற்று நுனியைக் கையில் வைத்துக்கொண்டு, சிலுவை போட்டபடி விசும்பிக்கொண்டிருந்தார். இரண்டு தலைகளைப் பார்த்ததும் அழுகை வசவாக மாறியது.

"மூதேவிகளா! உசுரே போச்சுடா எனக்கு! கயித்த எவன்டா அறுத்தது?"

பலகையில் மல்லாந்து கிடந்த சக்கெல்லாரிஸ் தெமெலினா பக்கம் தலையைத் திருப்பினான். குழந்தை மாதிரிக் கேட்டான்.

"ஏன்டி, வழி முழுக்க விட்டுக்கிட்டே வந்தேன். ஆனா தீரவே இல்லையே? மேல வந்தப்புறமும் நெஞ்சு நெறைய இருந்துச்சே?"

வேறு நேரமாக இருந்தால் அவள் அரைமணி நேரம் பாடம் எடுத்திருப்பாள்.

"அப்படித்தான்யா இருக்கும்," என்று மட்டும் சொன்னாள்.

குனிந்து அவன் நெஞ்சின் வலப்பக்கம் காதை வைத்தாள். அப்புறம் இடப்பக்கம். மாமா எதிரில் இதென்ன என்று அவனுக்குக் கூச்சமாகப் போயிற்று. எங்காவது கிழிந்திருக்கிறதா, ஒரு பக்கம் சத்தம் குறைகிறதா என்று அவள் தேடுவது அவனுக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் காற்று ஒரே மாதிரி போய் வந்தது. குறை ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகும் அவள் காதை எடுக்கவில்லை.