மூன்றாவது மீட்டர்

கொசுக்கள் குறைந்துவிட்டன என்றுதான் முதலில் நினைத்தேன். என் கணவர் படுக்கையில் கையை வீசி வீசி அடித்துக்கொண்டிருப்பார். "உனக்குக் கேக்கலையா? காதுல கச்சேரியே நடக்குது," என்பார். "கொசு எங்க இருக்கு? பேசாம தூங்குங்க," என்று சொல்லிவிட்டு இடது பக்கமாகத் திரும்பிப் படுப்பேன். திரும்பிப் படுத்ததும் எனக்கும் கேட்கும். இந்தக் கொசு இப்போதுதான் வந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

மருந்துப் புட்டிகளுக்கு மூடி செய்யும் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் பத்து வருடம் மூடிகளை வார்க்கும் அச்சு இயந்திரத்தில், பிறகு பராமரிப்பில். எங்கள் இயந்திரங்களில் பாதி காற்றால் ஓடுகின்றன. கம்ப்ரசர் மின்சாரத்தைத் தின்று காற்றை அழுத்திக் குழாயில் அனுப்பும். மூடியைத் தள்ளுவது, தூக்குவது, பெட்டியில் கொட்டுவது எல்லாம் அந்தக் காற்றின் வேலை. குழாயின் மூட்டு ஒன்றில் ஊசிமுனை அளவுக்கு இடைவெளி விழுந்தால் போதும், காற்று போய்க்கொண்டே இருக்கும். கம்ப்ரசரும் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஒழுகினால் தரை நனையும். எண்ணெய் ஒழுகினால் யாராவது வழுக்கி விழுவார்கள். காற்று ஒழுகினால் சத்தம் மட்டும்தான் வரும், பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல மெல்லிசாக. இயந்திரங்கள் ஓடும் நாளில் அது யாருக்கும் கேட்காது.

அதனால் வார விடுமுறை அன்று காலையில் நான் மட்டும் வருவேன். அச்சுகளைத் திறந்தபடி பிடித்து நிறுத்தக் காற்று வேண்டும் என்பதால் கம்ப்ரசரை அன்றைக்கும் அணைப்பதில்லை. கசிவு இல்லாவிட்டால் அது எப்போதாவது விழித்து, கொஞ்சம் உறுமிவிட்டு, மறுபடி தூங்கிப்போகும். நான் முன்வாசலில் தொடங்கி, குழாய் போகும் சுவரை ஒட்டியே நடந்து, எங்கே சீறுகிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம் போடுவேன். இருபதடி தூரத்தில் இருந்தே கண்டுபிடித்துவிடுவேன். பழைய மேஸ்திரி எனக்குப் 'பாம்புக்காது' என்று பேர் வைத்தார். அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகும் பேர் போகவில்லை. வெளியாட்கள் வந்தால் மேனேஜர், "இவங்கதான் எங்க பாம்புக்காது," என்று அறிமுகப்படுத்துவார். வேறு எதற்காகவும் என்னை யாரும் யாருக்கும் அறிமுகப்படுத்தியதில்லை.

இரண்டு வருடத்துக்கு முன் கூரை முழுவதும் சோலார் தகடுகள் பதித்தார்கள். விடுமுறை நாளில் எங்கள் தேவை போக மிச்சமெல்லாம் வெளியே தெருக் கம்பிக்குப் போகும். எதிரே இருக்கும் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் அதில்தான் ஓடுகிறது என்பதில் மேனேஜருக்குத் தலைகொள்ளாத பெருமை. வாசலில் ஒரு பலகை மாட்டி, 'நேற்று நாம் தெருவுக்குத் தந்தது' என்று எழுதி, அதன் கீழே யூனிட் எண்ணைத் தன் கையாலேயே எழுதுவார். இருநூற்று நாற்பது. இருநூற்று முப்பத்தைந்து. நான்கு மாதத்துக்கு முன்னால் அது நூற்று அறுபதுக்கு இறங்கியது. இறங்கியது இறங்கியதுதான்.

"எங்கயாவது கசியுதா?" என்று மேனேஜர் கேட்டார்.

நடந்து பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. "சுத்தமா இருக்கு சார்," என்றேன்.

"அப்ப மீட்டர்தான் கோளாறு."

மீட்டர் மாட்டுகிற ஒப்பந்தக்காரனை வரவழைத்தார்கள். முப்பது வயது இருக்கும். எல்லோருக்கும் அவன் மீட்டர் தம்பி. திறந்து பார்த்தான், மூடினான். "சார், மீட்டர் நல்லாத்தான் இருக்கு. உள்ள ஏதோ ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கு."

"உள்ள ஒண்ணும் இல்லேன்னு அவங்களே சொல்லிட்டாங்களே. உன் மீட்டர் பெருசா, அவங்க காது பெருசா?"

மீட்டர் தம்பி என்னைப் பார்த்தான். நான் பைக்குள் ஸ்பேனரைத் தேடினேன். தேட வேண்டிய ஸ்பேனர் என் கையிலேயே இருந்தது.

மீட்டரை மாற்றினார்கள். அதே எண். இரண்டாவதையும் மாற்றினார்கள். மூன்று மீட்டரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே எண்ணைக் காட்டின. அப்போதும் யாரும் என் காதைச் சந்தேகப்படவில்லை. என்னைப் பயமுறுத்தியது அதுதான். யாராவது ஒருவர், "நீங்க சரியாக் கேட்டீங்களா?" என்று கேட்டிருந்தால் கோபப்பட்டாவது தப்பித்திருப்பேன். இவர்கள் நம்பினார்கள்.

கம்ப்ரசர் அடிக்கடி விழிப்பதை நான் கவனிக்காமல் இல்லை. அதன் உறுமல் தடித்த சத்தம், எனக்கு நன்றாகவே கேட்கும். முன்பு ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்தது, இப்போது ஒரு நிமிடம்கூடத் தூங்குவதில்லை. 'வயசாகிடுச்சு, பாவம்' என்று சொல்லிக்கொண்டேன். கம்ப்ரசரைத்தான் சொன்னேன் என்று வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது மீட்டரும் அதே எண்ணைக் காட்டிய அன்று மேனேஜர் மீட்டர் தம்பியிடம் சொன்னார். "இது மீட்டர் கோளாறு இல்லப்பா. மாட்டினவன் கோளாறு. இந்த வாரமும் இப்படியே காட்டினா நான் வேற ஆளைப் பாத்துக்கறேன்."

அந்த வார விடுமுறை அன்று காலை நான் வரும்போது அவன் வாசலில் நின்றிருந்தான். பலகைக்குக் கீழே, வெறுங்கையோடு.

"அக்கா, இன்னைக்கு நானும் உங்ககூட நடக்கட்டுமா?"

"எதுக்கு?"

"சும்மா ஒரு தடவை கேட்டுப் பாத்துடறேன். மனசு ஆறும்."

"உனக்கு இதுல என்ன தெரியும்? பக்கத்துல ஆள் இருந்தா மூச்சு விடற சத்தமே தொந்தரவு."

"மூச்சைப் பிடிச்சுக்கறேன் அக்கா."

விளையாட்டாகச் சொல்லவில்லை. பிடித்துக்கொண்டு நின்றே காட்டினான், கன்னம் உப்பியபடி. நான் சிரிக்கவில்லை.

"ஊர் பூரா சொல்லிடுவாங்க அக்கா," என்றான் மூச்சை விட்டுவிட்டு. "ஒரு மீட்டரை ஒழுங்கா மாட்டத் தெரியாதவன்னு. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லுங்க?"

"வெளிய நில்லு. வேணும்னா கூப்பிடறேன்."

கதவைச் சாத்தியபோது என் மனதில் ஒரு வாக்கியம் முழுதாக, எழுதி வைத்ததுபோல வந்தது: இவன் உள்ளே வந்தால் இவனுக்குக் கேட்டுவிடும். எதுவும் இல்லாத இடத்தில் என்ன கேட்டுவிடும்? அப்படியானால் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எத்தனை நாளாகத் தெரியும்? மூடிகள் நிரம்பிய தொட்டிகளுக்கு நடுவே, கையில் சாக்பீஸோடு, திருட்டில் பிடிபட்டவள்போல நின்றேன். பிடித்ததும் நானேதான்.

வழக்கமான பாதையில் நடந்தேன். முன்வாசல், வருகைப் பதிவு இயந்திரம், மூடிகளை எண்ணும் இயந்திரங்கள் நான்கு, பின்வாசல். பஞ்சை அடைத்ததுபோல ஒரே அமைதி. வெளியே கம்ப்ரசர் உறுமியது. ஓய்ந்தது. பின்வாசலை அடைவதற்குள் மறுபடி உறுமியது.

அங்கே நின்று கொசுவை நினைத்துக்கொண்டேன். திரும்பிப் படுத்ததும் கேட்கிற கொசு. ஒன்பது வருடமாக நான் முன்வாசலில் இருந்து பின்வாசலுக்குத்தான் நடக்கிறேன். குழாய்ச் சுவர் எப்போதும் என் இடது பக்கம். பின்வாசலில் முடித்ததும் கதவைப் பூட்டிக்கொண்டு அப்படியே போய்விடுவேன். வந்த வழியே ஒரு நாளும் திரும்பி நடந்ததில்லை.

திரும்பினேன். சுவர் இப்போது என் வலது பக்கம் வந்தது.

பத்து அடி போயிருக்க மாட்டேன். நான்காவது எண்ணும் இயந்திரத்துக்குப் பின்னால், தலைக்கு மேலே, குழாய் வளையும் இடத்தில் சீறியது. சின்னச் சத்தம் அல்ல அது. அடுப்பில் விட்ட தண்ணீர்போல, நான்கு மாதமாகச் சொல்லிச் சொல்லிச் சலித்ததுபோல இரைந்தது. முகத்தை அந்தப் பக்கம் திருப்பி இடது காதைக் காட்டினேன். சத்தம் இல்லை. வலது காதைக் காட்டினேன். இரைச்சல். யாரோ கதவைத் திறந்து திறந்து மூடுவதுபோல இருந்தது. 'இல்லை இல்லை' என்று தலையாட்டுகிறவள்போல அங்கேயே நின்று எத்தனை முறை தலையைத் திருப்பினேனோ தெரியாது.

பின்வாசல் கதவைத் திறந்து, "தம்பி, இப்படிச் சுத்தி வா," என்றேன்.

அவன் நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டான். "என்ன அக்கா இது! சுவத்துக்கும் காது உண்டும்பாங்க. இந்தச் சுவர் எப்படி இத்தனை நாள் வாயைத் திறக்கல?"

அவன் ஏணியைப் பிடித்துக்கொள்ள, நான் ஏறி ஷேவிங் பிரஷால் சோப்புத் தண்ணீரைத் தடவினேன். மூட்டைச் சுற்றிலும் நுரை பொங்கி, ஒரு குமிழி எலுமிச்சை அளவுக்கு ஊதி உடைந்தது. அதே சுவரில் இன்னும் மூன்று இடம் இருந்தது. மூன்றையும் வலது காதுதான் கண்டுபிடித்தது. இறுக்கி, வாஷர் மாற்றி, நாடா சுற்றி முடிக்கும்போது மதியம் நெருங்கிவிட்டது.

ஏணியில் இருந்து இறங்காமலே சொன்னேன். கீழே இருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. "தம்பி, எனக்கு இடது காது கேக்கல."

அவன் பிரஷை வாளியில் அலசிக்கொண்டிருந்தான். அலசியது சுத்தமான பிறகும் அலசினான்.

"அக்கா, இன்னைக்குத்தான் ஒழுக ஆரம்பிச்சுதுன்னு சொல்லிடுங்களேன். யாருக்குத் தெரியப்போகுது?"

"அப்ப உன் மூணு மீட்டரு?"

"அது..." என்றான். "அது போகட்டும் அக்கா."

காலையில் அவனை வெளியே நிற்க வைத்தவள் நான். அவன் எனக்காக வெளியே நிற்கத் தயாராக இருந்தான். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. ஏணியில் உட்கார்ந்தபடியே, போனை வலது காதில் வைத்து மேனேஜரைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்ப முதல் மீட்டர் சரியாத்தான் இருந்துச்சா?"

"சரியாத்தான் இருந்துச்சு சார்."

"ரெண்டாவது?"

"அதுவும்தான் சார்."

"மூணாவதைக் கேக்கவே வேணாம்," என்றார். "அங்கயே இருங்க, வரேன்."

பக்கத்துத் தெருவில்தான் வீடு. பாதிச் சவரத்தோடு வந்துவிட்டார். ஒரு கன்னத்தில் சோப்பு காய்ந்திருந்தது. மீட்டர் தம்பி தன் கையில் இருந்த ஷேவிங் பிரஷை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தபடி கம்ப்ரசர் அறைக்கு வெளியே நின்றார். நாங்களும் நின்றோம். ஒரு நிமிடம். இரண்டு. மூன்று. அது விழிக்கவில்லை. நான்கரை நிமிடம் ஆனதும் மெதுவாக உறுமிவிட்டு ஓய்ந்தது. கிழடு தட்டவில்லை அதற்கு. வேலைதான் அதிகமாகியிருந்தது.

"தம்பி," என்றார் மேனேஜர். "நான் சொன்னது தப்பு. மனசுல வெச்சுக்காதே. அந்த ரெண்டு மீட்டரையும் எங்க போட்டே?"

"வீட்டுலதான் சார். தூக்கிப் போட மனசு வரல."

பிறகு என் பக்கம் திரும்பினார். நான் ஏணியை மடக்கிக் கையில் பிடித்திருந்தேன்.

"எந்த அச்சு இயந்திரத்துல நின்னீங்க, அந்தப் பத்து வருஷம்?"

"ரெண்டாம் நம்பர் சார்."

"இயந்திரம் எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

தலையை ஆட்டினார். "இப்ப அங்க நிக்கறவங்களுக்கு என்ன ஆகிட்டிருக்கோ. அடுத்த வாரம் எல்லாருக்கும் காது பாக்கச் சொல்றேன். காதுக்கு மூடியும் வாங்கணும். ஊருக்கெல்லாம் மூடி செய்யறோம், நம்ம காதுக்கு ஒண்ணு இல்லை." கொஞ்சம் யோசித்தார். "சீறலைக் கண்டுபிடிக்க ஒரு கருவி வருதாம். வாங்கிடலாம்."

"அப்ப நான் சார்?"

"கருவிக்குக் காது இருக்கும். எந்த மூலையில நீட்டணும்னு அதுக்கு யார் சொல்லுவா? அதுவரைக்கும் ரெண்டு தடவை நடங்க. போறப்ப ஒண்ணு, வர்றப்ப ஒண்ணு. ரெண்டு தடவை மீட்டர் மாத்தினதுக்குப் பதிலா உங்களை ஒரு தடவை திரும்பி நடக்கச் சொல்லியிருக்கலாம்."

அவர் சிரித்தபோது காய்ந்த சோப்பு கன்னத்தில் விரிசல் விட்டது. நான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். மீட்டர் தம்பி ஏணியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்.

சாயங்காலம் கணவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். "இன்னைக்கு வேலையில ஒரு விஷயத்தைச் சொல்லிட்டேன்," என்று ஆரம்பித்தேன். "எனக்குக் காது..."

"இடதுதானே?" என்றார், தலை நிமிராமல்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டில்ல இடம் மாத்திக்கிட்டேனே, ஏன்னு நெனச்சே?"

"ஃபேன் காத்துல தொண்டை கட்டுதுன்னு சொன்னீங்க."

"எனக்கு எப்ப தொண்டை கட்டியிருக்கு? அந்தப் பக்கம் படுத்துக்கிட்டு நான் பேசினதுல பாதி உன் தலையணைக்குத்தான் போச்சு. அதான் வலது பக்கம் வந்துட்டேன்."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேனே," என்றார். "இடது பக்கத்துல இருந்து சொல்லிட்டேன்போல."

அடுத்த வாரம் காது பார்த்தார்கள். சின்ன அறை, காதில் கருவி, கையில் ஒரு பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். வலது காதுக்கு அழுத்திக்கொண்டே இருந்தேன். பிறகு இடது காது. சத்தம் விடுகிற பெண்ணின் தோள், ஒவ்வொரு முறையும் லேசாக அசைவதைக் கண்ணாடித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். அதைப் பார்த்தே அழுத்திவிடலாம். அந்த வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். இத்தனை நாள் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கண்ணை மூடிக்கொண்டேன். பொத்தான் மடியில் கிடந்தது. எதுவும் கேட்கவில்லை. எதையும் அழுத்தாமல், வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன்.