பாயுவின் மத்தியானத் தூக்கம்

“நான் வர்றதுக்குள்ள அவனைத் தூங்கப் போட்டுடணும்னு உங்களுக்கு ஏதாவது வேண்டுதலாக்கா?”

“நானா தூங்கப் போட்டேன்? மத்தியானம் பூரா கொட்டக் கொட்ட முழிச்சிட்டிருந்தான். இப்பத் தானா சாஞ்சுட்டான்.”

“மத்தியானம் தூங்க வச்சா இப்ப ஏன் சாயறான்?”

“அந்தத் தூக்கம் அவனுக்கு விட்டுப்போச்சுடி. மூணு வயசாகப் போகுது. தட்டித் தட்டி என் கைதான் தூங்குது.”

ஜாவாவில், செமாராங் நகரத்தில் எங்கள் சந்து வீடுகளுக்குச் சுவர் மெல்லிசு. இதைக் கேட்கக் காதைத் தீட்ட வேண்டியதில்லை. நான் தீட்டிக்கொண்டேன் என்பது வேறு விஷயம். கத்தியவள் வினார்த்தி, தையல் ஆலையில் காஜா எடுக்கிறவள். பதில் சொன்னவள் அவள் புருஷனின் அக்கா லஸ்மினி, கல்யாணமாகாதவள், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவள். புருஷன் கப்பலில். விடியுமுன் கிளம்பும் வினார்த்தி விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் வீடு திரும்புவாள். மகன் பாயுவை விழித்த கண்ணோடு பார்க்க அவளுக்கு வாய்த்தது அந்தச் சிறு பொழுதுதான். அதையும் அவன் தூங்கிக் கழித்தால்? “விருந்தாளியப் பாக்குற மாதிரி என்னைப் பாக்குறான்” என்று குழாயடியில் மூக்கைச் சிந்தினாள்.

சந்து சும்மா இருக்குமா? மஃரிப் பாங்கு நேரத்தில் பிள்ளை தூங்கினால் வேவே வந்து தூக்கிப் போய்விடும். பிள்ளையில்லாத பிசாசு அது. அந்தி மசங்கும்போதுதான் இறங்கும். அதனால் பாயுவின் முகத்தில் தண்ணீர் தெளிக்கவும் காதைத் திருகவும் ஆளுக்கு ஆள் தயாராக இருந்தோம். எதிர்வீட்டு மர்ஜோ மாமா ஒருநாள் லஸ்மினியிடம் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“ஒண்ணு பெத்திருந்தா உனக்குப் பக்குவம் தெரிஞ்சிருக்கும். பாவம், நீ என்ன பண்ணுவே.”

அதற்குப் பிறகு பாயு மத்தியானத்தில் தூங்க ஆரம்பித்தான். அந்தியில் எழுந்து அம்மா மடியில் உட்கார்ந்து வாழைப்பழ பஜ்ஜி தின்றான். வினார்த்திக்கு வாயெல்லாம் பல். மர்ஜோ மாமாகூட, “சொன்னேன்ல, சொன்னாத்தான் சில பேருக்கு உறைக்கும்” என்று தன் பங்கை எடுத்துக்கொண்டார்.

கடையில் லஸ்மினி இருமல் மருந்து வாங்குவதைப் பார்த்து, “யாருக்கும்மா இருமல்?” என்று கேட்கத்தான் கேட்டேன். “எனக்குத்தான்” என்றவள், எதற்கும் இருக்கட்டும் என்று ஒருதரம் இருமியும் காட்டினாள்.

பிறகு ஒரு மழை நாள். வினார்த்தி வந்தபோது பாயு பாயில் கிடந்தான். தண்ணீர் தெளித்தாயிற்று, காதைத் திருகியாயிற்று. தூக்கிப் பார்த்த அவன் கை தொப்பென்று விழுந்தது. பாங்கு ஓதி முடிந்திருந்தது.

“வேவே உயிரை எடுத்துட்டுப் போய் ஒளிச்சு வச்சிருக்கு” என்றார் மர்ஜோ மாமா. “சட்டியைத் தட்டுங்க, விட்டுடும்.”

சந்தே சட்டியும் முறமும் தாம்பாளமுமாகத் திரண்டது. வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டினோம். “பாயு, வந்துடுடா” என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். எல்லாரையும்விட ஓங்கித் தட்டியவள் வினார்த்தி. அவள் கையிலிருந்த மூடி நெளிந்துபோனது. லஸ்மினி மட்டும் முறத்தைப் பிடித்தபடி வாசலில் நின்றாள். வாய் அசைந்தது, சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கடைசியில் வினார்த்தியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“மருந்துடி. இருமல் மருந்து. தினம் குடுக்கிறதுதான். இன்னிக்குக் குடுத்தும் தூங்கல, அதான் திரும்பக் குடுத்தேன்.”

வினார்த்தியின் கை நின்றது. கொல்லைப்புறம் இருந்தவர்களுக்குச் சேதி எட்டவில்லை. அவர்கள் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

மோட்டார் சைக்கிளில் நடுவே பிள்ளையை வைத்துக் கொண்டுபோனார்கள். ஏன் இவ்வளவு நேரம் கழித்துக் கொண்டுவந்தீர்கள் என்று மருத்துவர் கேட்டாராம். சட்டி தட்டிக்கொண்டிருந்தோம் என்று அவரிடம் யார் சொல்வது? பாயுவைத் துணி சுற்றித்தான் திருப்பித் தந்தார்கள்.

மர்ஜோ மாமா இன்றைக்கும் வேவேதான் என்கிறார். மருந்து அதற்கு ஒரு சாக்காம்.

சேதி கேட்டு வந்த புருஷன் நாற்பதாம் நாள் முடிந்ததும் திரும்பக் கப்பலேறினான். மகாசாரில் வேறு கல்யாணம் என்று கேள்வி. வினார்த்தி பாத்தாம் தீவில் ஒரு ஆலைக்குப் போய், அங்கேயே விடுதியில் தங்கிவிட்டாள். லஸ்மினியைத் தெமாக் ஊரிலிருந்து மனைவியை இழந்த ஒருவன் வந்து கட்டிக்கொண்டு போனான். நடந்ததை யாரும் அவனிடம் சொல்லவில்லை. எனக்கு வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவனுக்கு மூன்று பிள்ளைகள். கடைக்குட்டி இப்போதுதான் ஓட ஆரம்பித்திருக்கிறதாம்.