லாசர் வாத்தியாரின் கழுத்துப்பட்டி

லாசர் வாத்தியாரைப் பற்றித் தல்லாகுளத்தில் யாரும் குறை சொல்ல முடியாது. கணக்கு அருமையாகச் சொல்லிக்கொடுப்பார். பிரம்பைத் தொடாமலே வகுப்பை அடக்குவார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்கு வந்து ஆண்கள் பக்கத்தில் முதல் வரிசைப் பாயில் உட்காருவார். மனிதருக்கு ஒரே ஒரு சனியன், துணி. மொடமொடவென்று கஞ்சி போட்ட சட்டையை அவர் மேல் மாட்டிவிட்டால் தீர்ந்தது. கூட்டல் கழித்தல்கூட மறந்துபோய்க் கரும்பலகை முன்னால் தோளைக் குலுக்கிக்கொண்டு நிற்பார்.

தையல் உடம்பில் படக்கூடாது என்று பனியனை உள்வெளியாகப் போடுவார். சரிகைக் கரை கணுக்காலை அறுக்கிறதென்று, யாரோ ஆசையாக எடுத்துக்கொடுத்த வேட்டியின் கரையைக் கத்தரித்து எறிந்தவர். புதுச் சட்டை தைத்தால் அதைத் தலையணைக்குள் திணித்து வைத்து, ஒரு வருஷம் அதன் மேல் தலைவைத்துப் படுத்த பிறகுதான் உடம்பில் ஏற்றுவார். துவைத்துத் துவைத்து வெளிச்சம் தெரியும் அளவுக்குத் தேய்ந்த துணி கிடைத்துவிட்டால் அன்றைக்கு முகமே வேறாக இருக்கும். சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். "ஒண்ணுமில்லாததுக்கு ஏன்டா இந்த ஆர்ப்பாட்டம்? எங்களுக்கெல்லாம் உறுத்தல, உனக்கு மட்டும் உறுத்துதா?" என்று வீட்டில் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர். அவருக்கே அது நியாயமான கேள்வியாகத்தான் பட்டது.

அப்பேர்ப்பட்டவருக்கு உசிலம்பட்டியில் பெண் எடுத்தார்கள். பெண் பெயர் தங்கம். மாமனார் கௌரவம் பார்க்கிற மனுஷர். சித்திரை மாதத்து வெயிலில் மாப்பிள்ளைக்குக் கம்பளிக் கோட்டு தைத்துக் கொண்டுவந்து நின்றார். லாசர் பல்லைக் கடித்துக்கொண்டு கோயிலுக்குள் இருந்தவரைக்கும் அதைச் சுமந்தார். ஊர்வலத்தில் கூண்டு வண்டி கடைத்தெருவைத் தாண்டுவதற்குள் கோட்டு போயிற்று, அடுத்த திருப்பத்தில் சட்டையும் போயிற்று. பட்டுச் சேலையும் பூமாலையுமாகத் தலைகுனிந்திருந்த தங்கத்தின் பக்கத்தில், உள்வெளியாகப் போட்ட பனியனோடு மாப்பிள்ளை உட்கார்ந்து வந்தார். மாமனார் அதற்கப்புறம் விருந்துச் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. "மாப்ளைக்கு எதுவும் கோளாறா?" என்று அத்தைமார்கள் தங்கத்தின் காதுபடவே கேட்டார்கள்.

தல்லாகுளத்து வீட்டுக்கு வந்து குடித்தனம் வைத்த கையோடு தங்கம் சொல்லிவிட்டாள்.

"இங்க பாருங்க. உங்க துணிமணிய இனிமே நான் பாத்துக்கிறேன். ஆனா இது குத்துது, அது உறுத்துதுன்னு ஒரு வார்த்தை உங்க வாயிலருந்து வரக்கூடாது. நான் பட்டது போதும்."

"வராது தங்கம்" என்றார் லாசர். மனதாரத்தான் சொன்னார். பெண்டாட்டியைத் தெருவில் தலைகுனிய வைத்துவிட்டோமே என்ற வருத்தம் அவருக்கு நிறைய இருந்தது.

தங்கம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அவர்கள் வீட்டுக்குத் துணி வெளுக்கும் முத்திருளனைக் கூப்பிட்டு, வாத்தியார் சட்டைகளைக் கஞ்சிப் பானைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னாள். முத்திருளனும் தலையாட்டினார். ஆனால் வைகைக் கரையில் ஊர்த்துணியெல்லாம் ஒன்றாகக் கிடக்கும்போது எது வாத்தியார் சட்டை, எது வக்கீல் சட்டை என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? அடுத்த இரண்டு வெளுப்பிலும் சட்டைகள் பலகை போல விறைத்துக்கொண்டு வந்தன. தங்கம் யோசித்தாள்.

வீட்டுக்கு வீடு துணி மாறாமல் இருக்க முத்திருளன் குறி போடுவது உண்டு. சேராங்கொட்டையைக் குத்தி, கசிகிற எண்ணெயைத் துணியில் வைத்து, மேலே சுண்ணாம்பு தடவினால் கறுத்துவிடும். அப்புறம் எத்தனை தரம் அடித்துத் துவைத்தாலும் போகாது. சேராங்கொட்டை உடம்பில் பட்டால் வெந்துபோகும் என்பது பொதுவாக எல்லாரும் கேள்விப்பட்ட சமாச்சாரந்தான். ஆனால் துணியில் காய்ந்த பிறகு அதை யாரும் சேராங்கொட்டையாக நினைப்பதில்லை, குறியாகத்தான் நினைப்பார்கள். வேட்டிக்கு முனையிலும் சட்டைக்கு அடிவாலிலும் போடுவது வழக்கம்.

"முத்திருளண்ணே, அடியில போட்டா மடிப்புக்குள்ள மறைஞ்சு போகுது. கழுத்துப்பட்டிக்கு உள்பக்கம் போடுங்க. கையில எடுத்ததும் இது கஞ்சி போடாத சட்டைன்னு தெரியணும்" என்றாள் தங்கம்.

"அதுக்கென்ன தாயி, நல்லாப் பெருசாவே போட்டுர்றேன்" என்றார் முத்திருளன்.

இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. லாசரின் எல்லாச் சட்டைக்கும் பிடரி படுகிற இடத்தில் அந்தக் குறி விழுந்தது. அடுத்த வெளுப்பில் சட்டைகள் பழைய வேட்டி மாதிரி மெத்தென்று வந்து சேர்ந்தன. லாசர் ஒன்றைப் போட்டுக்கொண்டு கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "தங்கம், இம்புட்டு சுகமா ஒரு சட்டைய நான் போட்டதே இல்ல" என்றார். தங்கத்துக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. அன்றைக்குக் கறி எடுத்துச் சமைத்தாள்.

மூன்று நாள் கழித்துப் பிடரி எரிய ஆரம்பித்தது.

கரும்பலகையில் எழுதக் கையைத் தூக்கும்போதெல்லாம் யாரோ நெருப்புக் குச்சியை வைத்து இழுப்பது போல இருந்தது. லாசருக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது. அவள் இவ்வளவு பாடுபட்டு ஒரு வழி பண்ணியிருக்கிறாள், இதற்கும் இந்தப் பாழாய்ப்போன தோலுக்கு நொட்டை சொல்லத்தான் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார். வாயைத் திறக்கவில்லை. பிடரியில் கொப்புளம் எழும்பி, உடைந்து, நீர் வடிந்து, கறுத்தது. தங்கம் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டபோது உஷ்ணக் கட்டி என்றார். அவள் சந்தனம் அரைத்துப் போட்டாள்.

"வலிக்குதா?"

"சேச்சே, ஒண்ணுமில்ல."

இப்படி ஒண்ணுமில்லை ஒண்ணுமில்லை என்று சொல்லியே மாதம் ஒன்று ஓடிற்று. புண் சட்டைக் கழுத்துக்கு மேலேயும் தலைகாட்டியது. முதல் வரிசையில் உட்காருகிறவரின் பிடரியைப் பார்க்கக் கோயிலில் ஆளுக்கா பஞ்சம்? ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் சபை மூப்பர் அவரை மரத்தடிக்குக் கூப்பிட்டார். மிஷன் பள்ளிக்கூட நிர்வாகமும் அந்த மூப்பர் கையில்தான். தங்கமும் பெண்கள் பக்கத்திலிருந்து வந்து கூட நின்றாள்.

"தம்பி, கழுத்துல என்ன அது? அரிக்குதா?"

"இல்லீங்க."

"எரிச்சல் கிரிச்சல்?"

லாசர் தங்கத்தை ஒரு பார்வை பார்த்தார். "அதெல்லாம் ஒண்ணும் கிடையாதுங்க. இருக்கிறதே தெரியல."

மூப்பரின் முகம் சுருங்கிவிட்டது. தோல் நிறம் மாறிக் கிடக்கிறது, அங்கே உணர்ச்சி இல்லை என்றால் அது குஷ்டம் என்கிற பெருவியாதி என்பது அந்தக் காலத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். லாசருக்கும் தெரியும். தன்னை வைத்து அவர் அதை யோசித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். சாயங்காலம் மூப்பரும் போதகருமாக வீட்டு வாசலில் வந்து நின்று, உள்ளே வராமல் பேசியபோதுதான் அவருக்கு உறைத்தது.

"திருவிருந்துல எல்லாரும் ஒரே பாத்திரத்துல வாய் வச்சுக் குடிக்கிறோம். இப்போதைக்கு நீங்க பந்திக்கு வர வேணாம் தம்பி" என்றார் போதகர். நல்ல மனிதர், சொல்லும்போது நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"பள்ளிக்கூடத்துக்கும் வேணாம். பெரியாஸ்பத்திரி டாக்டரப் பாருங்க. அவரு ஒண்ணுமில்லன்னுட்டா வழக்கம்போல வாங்க. வேற மாதிரி சொல்லிட்டா..." மூப்பர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை. வேலை போகும், பள்ளிக்கூடம் கொடுத்த வீடு போகும், ஊருக்கு வெளியே அதற்கென்று இருக்கும் ஆசிரமத்தில் கொண்டுபோய்விடுவார்கள். தங்கத்தை அவள் அப்பா வண்டி கட்டிவந்து கூட்டிப்போவார்.

அப்போதாவது எரிகிறது என்று சொல்லித் தொலைத்திருக்கலாமே என்று கேட்கத் தோன்றும். லாசரின் கஷ்டம் வேறு இடத்தில் இருந்தது. எரிவது நிஜமா என்பதே அவருக்குச் சந்தேகமாகிவிட்டது. ஒன்றுமில்லாததற்கெல்லாம் உறுத்துகிறது, குத்துகிறது என்று சொல்கிறவன் என்றுதான் ஊரும் உறவும் அவரை அறியும். அவர் தோல் சொன்னதை இன்றுவரை யாரும் சாட்சியாக ஏற்றுக்கொண்டதில்லை. அப்படியிருக்க, இந்த எரிச்சலும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதானோ? மற்றவர்களுக்கு இருப்பது போன்ற நல்ல உணர்ச்சி உள்ளுக்குள் செத்துக்கொண்டிருக்க, மேலே தன்னுடைய பழைய கோளாறு கத்திக்கொண்டிருக்கிறதோ? இதை நினைக்கத் தொடங்கியதும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தங்கம் எதுவும் கேட்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவளைக் குழாயடியில் முதலில் தண்ணீர் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஒதுங்கி நிற்க ஆரம்பித்திருந்தார்கள்.

பெரியாஸ்பத்திரியில் டாக்டர் இளவயதுக்காரர். அவருடைய வெள்ளைக் கோட்டில் போட்டிருந்த கஞ்சி அவர் கையை அசைக்கும்போதெல்லாம் சத்தம் போட்டது. லாசருக்கு அதைக் கேட்டே உடம்பு கூசியது. சட்டையைக் கழற்றச் சொல்லி ஸ்டூலில் உட்காரவைத்தார்கள். கழற்றின சட்டையைத் தங்கம் வாங்கி வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

"கண்ணை மூடிக்கோங்க. நான் பஞ்சால தொடுவேன். தொடுறது தெரிஞ்சா தெரியுதுன்னு சொல்லணும். அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

முதலில் முழங்கையில் தொட்டார். "தெரியுது" என்றார் லாசர். தோளில் தொட்டார். "தெரியுது." பிறகு பிடரிக்கு வந்தார். பஞ்சு நுனி பட்டதும் லாசருக்கு உச்சி முதல் இடுப்பு வரை சுரீரென்று ஓடியது. வாயைத் திறந்தார். திறந்த வாயில் சொல் வரவில்லை. வெறும் பஞ்சு. ஒரு நூல் கனம்கூட இல்லாத பஞ்சு. அது பட்டதற்கா இவ்வளவு? இது சாதாரண மனிதனுக்குத் தெரியுமா? தெரியாது. அப்படியானால் தெரியுது என்று சொல்வது பொய் சாட்சி. லாசர் பேசாமல் இருந்தார்.

டாக்டர் இன்னொரு தரம் தொட்டார். பிறகு கொஞ்சம் தள்ளித் தொட்டார். லாசர் வாயே திறக்கவில்லை. டாக்டர் பெருமூச்சு விட்டுப் பேனாவை எடுத்தார்.

தங்கம் அவ்வளவு நேரமும் புருஷனின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பஞ்சு பிடரியில் பட்ட ஒவ்வொரு தரமும் அவர் கால் விரல்கள் மடங்கித் தரையைப் பிறாண்டின.

"எழுதாதீங்க டாக்டர். அவரு பொய் சொல்றாரு" என்றாள். அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "அவருக்குத் தெரியுது. கால் விரலப் பாருங்க. துணியில ஒரு பிசிறு இருந்தாக்கூட ராத்திரி தூங்காத மனுஷன். நான்தான் உறுத்துதுன்னு இனி வாயத் திறக்கக்கூடாதுன்னு சொல்லி வச்சேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். லாசருக்கு முன்னால் வந்து நின்று, "ஏன் சார் சொல்லல?" என்று கேட்டார்.

"பஞ்சு பட்டதுக்கு அம்புட்டு எரியாதுங்களே" என்றார் லாசர். "யாருக்கும் எரியாது. எனக்குத்தான் இப்படி..."

"யாருக்கும் எப்படி இருக்கும்னு நான் கேக்கல. உங்களுக்கு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டு, தங்கத்தின் கையிலிருந்த சட்டையை வாங்கிக் கழுத்துப்பட்டியைத் திருப்பினார். இரண்டு புள்ளி, கீழே ஒரு கோடு. பிடரியையும் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தார். "இது எதால போட்ட குறி?" என்று கேட்டார். சேராங்கொட்டை என்று சொன்ன தங்கம், அதைச் சொன்ன அதே நிமிஷத்தில் சுவரில் சாய்ந்துவிட்டாள். தன் வாயால் கேட்டு வாங்கிய குறி. டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல், "இனிமே துணியில வேற எங்கயாவது போடச் சொல்லுங்கம்மா. களிம்பு தாரேன், ஆறிடும். பெருவியாதியும் இல்ல, ஒண்ணும் இல்ல" என்றார். மூப்பருக்கும் அப்படியே எழுதித் தருவதாகச் சொன்னார்.

லாசர் இது எதையும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. கண்ணை இன்னும் மூடியபடியே இருந்தார். கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

"காதுக்குப் பின்னால சூடா இருக்குங்க. நடுவுல ஊசி. கீழ கோடு மாதிரி ஒண்ணு, அதுதான் ரொம்ப. நீங்க பஞ்ச எடுத்துட்டீங்க, ஆனா பட்ட இடம் இன்னும் தெரியுது. இந்த ஸ்டூல்ல ஒரு சிராய் இருக்கு, வலது தொடையில குத்துது. எங்கப்பாவ அடக்கம் பண்ணுன அன்னிக்கு எனக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டாங்க. அன்னிக்கு நான் அழுததுல பாதி அந்தச் சட்டைக்குத்தாங்க. அப்பா மேல எம்புட்டுப் பாசம்னு எல்லாரும் சொன்னாங்க. நான் யார்கிட்டயும் சொல்லல."

வெளியே வரிசையில் நின்றவர்கள் கதவைத் தட்டினார்கள். டாக்டர் அவர்களை இருக்கச் சொல்லிக் கை காட்டினார். லாசரின் மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மோவாயில் சொட்டியது. தங்கம் வந்து பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்துக்கொண்டு, "இன்னும் என்னென்ன, சொல்லுங்க" என்றாள்.